சண்முகவடிவின் தாடையும் பதினேழாம் விதியும்

ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தீர்மானிக்கும் வேலையைக் கடவுளிடம் விட்டுவைக்கவில்லை. அது காலை ஆறு மணிக்கு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா சிவசாமியின் கையில் இருந்தது. பொகவந்தலாவைப் பக்கத்து மார்கழிப் பனியில் எதிரே நிற்பவரின் முகம் தெரியாது. கம்பளி தெரியும், அதுவும் அதிர்ஷ்டமிருந்தால். ஆகவே கண்டாக்கையா பெயர்களைக் கூப்பிடுவார். பனிக்குள்ளிருந்து "இருக்கேங்க" என்று ஒரு குரல் வரவேண்டும். வந்தால் ஆள் உண்டு.

முன்பெல்லாம் யாருக்காகவும் யாரும் குரல் கொடுக்கலாம் என்றிருந்தது. செல்லசாமி என்றொருவன் தன் அண்ணனுக்கும் சேர்த்துச் சொல்லிவந்தான். அண்ணன் செத்து நான்கு மாதமாகியும் சொல்லிக்கொண்டிருந்தான். கேட்டதற்கு, "வாய்ப் பழக்கமுங்க" என்றான். தோட்டத்தை நடத்தும் துரைக்கு இதில் பெரிய மனவருத்தம். அந்த வருஷம் ஒரு நாள்கூடத் தவறாமல் வேலைக்கு வந்ததற்காகக் கம்பளிப் பரிசு வாங்கியவர் அந்த அண்ணன்தான்.

அதன்பிறகு பிறந்தது பதினேழாம் விதி. ஆள் தன் சொந்த வாயால், தெளிவான குரலில் பதில் சொல்லவேண்டும். தொடர்ந்து முப்பது நாள் பதில் வராவிட்டால் அவர் இல்லாதவர். இல்லாதவருக்குப் பெயர் கிடையாது. பெயர் இல்லாதவருக்கு லயத்தில் குடியிருக்கக் காம்பராவும் கிடையாது. விதியைத் தமிழில் எழுதி ஆபீஸ் கதவில் ஒட்டியிருந்தார்கள். கதவு எப்போதும் திறந்தே கிடந்ததால் எழுத்து சுவரைப் பார்த்தபடி இருந்தது.

சண்முகவடிவுக்கு இந்த விதியில் குறை எதுவும் இல்லை. சொல்லப்போனால் அவளுக்கு அது உதவியாகக்கூட இருந்தது. புருஷன் அழகன் போய் ஒன்பது வருஷம். மகள் பூரணியை டயகமவில் கட்டிக்கொடுத்தாயிற்று. தீபாவளிக்கு வருவாள், பிள்ளைக்குச் சளி பிடிக்காத தீபாவளியாக இருந்தால். ஏழாம் நம்பர் காம்பராவில் சண்முகவடிவும் ஒரு அடுப்பும் ஒரு கைக்கண்ணாடியும் இருந்தார்கள். காலையில் "இருக்கேங்க" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அன்றைக்குப் பேசவேண்டிய பேச்சு ஏறக்குறைய முடிந்துவிடும். சில நாள் அந்தச் சொல்லைக் கொஞ்சம் நீட்டியே சொல்வாள்.

பக்கத்து எட்டாம் நம்பரில் ராக்காயி இருந்தாள். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் யார் வாளி முதலில் வைத்தது என்ற விஷயத்தில் இரண்டு பேருக்கும் பேச்சு நின்று ஆறு வருஷம். ஆனாலும் லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. மேலே இரண்டு முழம் சும்மா கிடக்கும். சண்முகவடிவுக்குத் தெரியவேண்டிய சேதி எதுவானாலும் ராக்காயி அதைத் தன் கோழியிடம் சத்தமாகச் சொல்வாள். "பேத்தை, நாளைக்குத் தண்ணி வராதாம்டி. இன்னைக்கே புடிச்சு வச்சுக்கிட்டா நல்லது." கோழிக்கு இரண்டு குடம் தண்ணீர் எதற்கென்று யாரும் கேட்டதில்லை.

சண்முகவடிவின் இடப்பக்கத் தாடை ஒரு வருஷமாகவே ரொட்டி மெல்லும்போது காதுக்குக் கீழே 'டக்'கென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அது அவளுக்கு ஒரு வகையில் பழகியும் போயிருந்தது. காம்பராவில் வேறு சத்தம் என்ன இருக்கிறது? அறுபத்துமூன்றாம் வருஷம் மார்கழியில் ஒரு நாள் விடிந்தபோது 'டக்' வரவில்லை. வாயும் திறக்கவில்லை. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே சுண்டுவிரல் நுனிதான் போயிற்று. அதற்குமேல் தள்ளினால் காதுக்குள் கம்பி பாய்ந்தமாதிரி வலி.

பெரட்டில் பெயர் கூப்பிட்டார்கள்.

"சண்முகவடிவு!"

"ம்ம்க்கேங்" என்றாள். பனி அதையும் பாதி தின்றுவிட்டது.

"சண்முகவடிவு! இருக்கியா, இல்லியா?"

கையைத் தூக்கினாள். விதியில் கை இல்லை.

"அவ இருக்காங்க" என்று பின்னாலிருந்து ராக்காயி சொன்னாள். "நான் அவகூடப் பேசுறதில்லீங்க. ஆனா இந்தா, எம்பக்கத்துலதான் நிக்கிறா."

"நீ சொல்லி நான் எழுதுனா நாளைக்குச் செத்தவனெல்லாம் பெரட்டுக்கு வருவான்" என்று கண்டாக்கையா அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

சண்முகவடிவு மலைக்குப் போனாள். வேறெங்கே போவது? கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள். கடிப்பதற்குத் தாடை நன்றாகவே ஒத்துழைத்தது. மத்தியானம் கொழுந்து நிறுக்கையில் ஒரு சிக்கல் வந்தது. தராசில் பதினெட்டு இறாத்தல் கொழுந்து தொங்குகிறது. பறித்த ஆள் காலையிலிருந்தே இல்லை. கண்டாக்கையா கொழுந்தையும் பார்த்தார், அவளையும் பார்த்தார், புத்தகத்தையும் பார்த்தார். மூன்றில் நம்பிக்கையானது புத்தகம்தான்.

"கொழுந்து நல்ல கொழுந்து. அதை எடுத்துக்குவோம்" என்றார். "ஆளைப் பத்தி அப்புறம் பாப்போம்."

மூன்றாம் நாள் தோட்டத்து மருந்தகத்துக்குப் போனாள். மருந்தையா எந்த நோய்க்கும் முதலில் நாக்குக்கடியில் வெப்பமானியை வைப்பார். அதில் என்ன காட்டுகிறதோ அதைப் பொறுத்து ஒரே மருந்தை மூன்று நிறங்களில் கொடுப்பார். வெப்பமானியோடு வந்தவர் அவள் முன்னால் நின்றார்.

"ஆ காட்டு."

காட்டினாள். ஒரு அரிசி நுழையும்.

"பெருசா."

கண்ணில் தண்ணீர் வந்தது; வாய் வரவில்லை.

மருந்தையா வெப்பமானியைத் திரும்ப உறைக்குள் வைத்துப் பொறுமையாக விளக்கினார். "இந்தா பாரும்மா. சூடு பாக்காம நோயின்னு எழுத எனக்கு அதிகாரமில்ல. வாய் தொறக்காம சூடு பாக்க முடியாது. அதனால உனக்கு நோயில்ல. வாய் தொறந்ததும் வா. என்ன நோயின்னு பாத்துடலாம்." அவர் முகத்தில் ஒரு நோயாளியைக் குணப்படுத்திய நிறைவு இருந்தது. புத்தகத்தில் 'வாயைத் திறக்க மறுக்கிறார்' என்று எழுதினார்.

அந்த ஒரு வரி ஆபீசுக்குப் போனது. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக ஆபீசில் அனுமதித் துண்டு வாங்கவேண்டும் என்பதால் சண்முகவடிவும் அங்கே போனாள். ஒன்பதாவது நாள். பெரிய கிளாக்கரையாவுக்கு முன்னால் நின்று தாடையைத் தொட்டுக் காட்டினாள். மலையில் கொழுந்து எடுக்கவேண்டிய ராக்காயி எதற்கோ ஆபீஸ் வாசலில் நின்றிருந்தாள். கோழி கூட வரவில்லை.

கிளாக்கரையா நோய்ப் பட்டியலை விரித்தார். காய்ச்சல் இருந்தது. வயிற்றோட்டம் இருந்தது. பாம்புக்கடி, கத்திவெட்டு, பிள்ளைப்பேறு இருந்தன. தாடை இல்லை.

"கை வேலை செய்யுதா?"

தலையாட்டினாள்.

"காலு?"

தலையாட்டினாள்.

"அவ்வளவுதாம்மா தோட்டத்துக்கு வேண்டியது. கையுங் காலுந்தான் தோட்டத்துப் பொறுப்பு. வாயி உன் சொந்த உறுப்பு. நீ சாப்புடுறதுக்கும் வம்பு பேசுறதுக்கும் வச்சிருக்கிற சாமானுக்குக் கம்பெனி எப்படி வைத்தியம் பாக்கும்? நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல?"

வாசலிலிருந்து ராக்காயி கேட்டாள்: "சொந்த வாயின்னா, அதுல ஏங்க தெனம் பதில் கேக்குறீங்க?"

கிளாக்கரையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது ஒழுங்கு" என்றார். "ஒழுங்கையும் வைத்தியத்தையும் போட்டுக் குழப்பக்கூடாது. இருபது வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். ஒரு தடவையாவது குழப்பியிருக்கேனா?"

துண்டு கிடைக்கவில்லை. ஆனால் சேதி பரவிவிட்டது. 'வாயைத் திறக்க மறுக்கிறார்' என்ற வரி பன்னிரண்டாம் நாள் தொழிற்சங்கத்தின் மாவட்டத் தலைவர் ஆண்டியப்பனின் காதுக்கு எட்டியபோது அது 'மௌனப் போராட்டம்' என்று வளர்ந்திருந்தது. அவர் மாலையோடு வந்தார். கோயிலடியில் கூட்டம் போட்டு, மௌனத்தின் வலிமையைப் பற்றி ஒன்றேகால் மணி நேரம் பேசினார்.

"தோழர்களே! பேசிப் பேசி நாம கண்டது என்ன? நான் பதினாறு வருஷமா பேசுறேன். எதாவது நடந்திருக்கா? இல்லை! இந்தத் தாய் பன்னிரண்டு நாள் வாயைத் திறக்கலை. ஆபீஸ் நடுங்குது! அம்மா, முப்பது நாளாவது இந்த வாயைத் திறந்துடாதீங்க. தப்பித் தவறித் தெறந்தீங்கன்னா தொழிலாளி வர்க்கம் உங்களை மன்னிக்காது." பிறகு மாலையைப் போட்டு, "இப்போது அன்னை ரெண்டு வார்த்தை பேசுவார்" என்று உட்கார்ந்தார்.

கூட்டம் காத்திருந்தது. சண்முகவடிவு மாலையின் ஈரம் கழுத்தில் குளிர நின்றாள். அவளைச் சுற்றி அத்தனை பேர் நின்றது அவளுக்குத் தெரிந்து கல்யாணத்தன்றுதான். அன்றைக்கும் அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த நாள் துரையே மலைக்கு வந்தார். போராட்டம் என்றால் அளந்து பார்க்கவேண்டும் என்பது அவர் கொள்கை. கவ்வாத்து வெட்டும்போது செடியின் உயரம் பார்க்கிற மட்டக்கம்பைக் கண்டாக்கையாவிடமிருந்து வாங்கி அவள் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தார். அதில் குறித்திருந்த மிகச் சிறிய அளவே அவள் வாய் திறந்ததைவிடப் பெரியது.

"வாய் தொற, பொம்பளே! நல்லா தொற!"

திறந்த அளவைக் கம்பில் காட்ட வழியில்லாததால், "மட்டத்துக்குக் கீழ்" என்று எழுதச் சொன்னார். மட்டத்துக்குக் கீழே உள்ள செடியைப் பிடுங்கிவிட்டு வேறு நடுவது தோட்டத்து வழக்கம். கண்டாக்கையா அந்தப் பக்கமாகவே யோசித்தபடி நடந்தார்.

இதற்கிடையில் அவள் கஞ்சியும் பால் விடாத சாயத்தண்ணியும் குடித்துக்கொண்டிருந்தாள். ரொட்டியை ஊறவைத்து விரலால் உள்ளே தள்ளிப்பார்த்தாள். காலையில் சொல்கிற அந்த ஒரு சொல் இல்லாமல் போனதும் நாள் எங்கே தொடங்குகிறது என்பதே பிடிபடவில்லை. பத்தொன்பது நாள் போயிருந்தது. ஏழாம் நம்பர் காம்பரா யாருக்குப் போகும் என்று லயத்தில் பேசத் தொடங்கிவிட்டார்கள். ஒருத்தி வந்து வாசற்படியில் நின்று அடுப்பு எந்தப் பக்கம் இருக்கிறதென்று பார்த்துவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் ராக்காயி கோழிக்குத் தவிடு வைத்தாள்.

"பேத்தை, கேட்டியாடி? டவுன் ஆஸ்பத்திரியில இக்ராமுன்னு ஒரு புள்ள இருக்காம். போலியோ வந்த புள்ளைங்களுக்குக் கையுங் காலும் நீவி நடக்க வைக்குதாம். வீரம்மா மகன் இப்ப ஓடுறான். பூட்டிக்கிட்ட கால தொறக்கிறவனுக்கு வாயத் தொறக்கத் தெரியாதா? வெயாழக்கெழமை வருமாம்."

சற்றுப் பொறுத்து மறுபடியும் கேட்டது: "துண்டு இல்லாம எப்பிடிப் போறதுன்னு நெனைக்காத. பத்தொம்பது நாளா தோட்டத்துலயே இல்லாதவளுக்கு லீவு எதுக்குடி, மூதேவி?"

கோழி வியாழக்கிழமை எங்கும் போகவில்லை. சண்முகவடிவு முதல் பஸ்ஸுக்குப் போனாள். தடுப்பதற்கு அவள் தோட்டத்தில் இல்லை.

டவுன் ஆஸ்பத்திரியில் இக்ராமுக்குச் சலவை அறைக்குப் பக்கத்தில் ஒரு மூலை கொடுத்திருந்தார்கள். கடைவீதிக் குடும்பத்துப் பையன். கொழும்பில் படித்து வந்தவன். ஊசி போடமாட்டான், மருந்து எழுதமாட்டான், கையால் பிடித்து அசைத்துப் பயிற்சி கொடுப்பான் என்பதால் ஆஸ்பத்திரி அவனைப் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் வகையில் சேர்த்திருந்தது. அவனிடம் வெப்பமானி இல்லை.

"எத்தனை நாளா, அம்மா? விரலால காட்டுங்க."

காட்டினாள்.

"அதுக்கு முன்னால சத்தம் கேட்டிச்சா? டக்குன்னு?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அந்தச் சத்தத்தைப் பற்றி அவளிடம் கேட்ட முதல் ஆள்.

இரண்டு பக்கமும் காதுக்கு முன்னால் விரல் வைத்து மெதுவாக அசைக்கச் சொன்னான். "பெட்டிக்குக் கீல் இருக்கில்ல? அதுமாதிரித்தான். நடுவுல ஒரு சின்னச் சவ்வு மெத்தை. அது முன்னால நழுவிப்போய் வழிய மறிச்சிட்டு நிக்குது. எலும்பு உடையல்ல. பயப்படாதீங்க." பிறகு கேட்டான்: "கூடையைத் தூக்கிட்டு மலையேறக்குள்ள பல்லக் கடிப்பீங்களா?"

தலையாட்டினாள்.

"ரொட்டி ஒரு பக்கமே மெல்லுவீங்க. சும்மா இருக்கக்குள்ளயும் பல்லக் கடிச்சிட்டுத்தான் இருப்பீங்க."

அதற்கு அவள் தலையாட்டவில்லை. யோசித்தாள். சும்மா இருக்கும்போது வாயை வேறு எப்படி வைத்திருப்பது என்று அவளுக்குத் தெரியாது.

சுடுதண்ணீரில் துணி பிழிந்து கன்னத்தில் வைத்தான். ஆறினதும் மறுபடி வைத்தான். கன்னத்துச் சதையை விரல்நுனியால் வட்டமாக நீவினான். ஒன்பது வருஷத்தில் அவள் முகத்தில் இன்னொருவர் கை பட்டதில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "நோவுதா?" என்று கேட்டான். இல்லையென்று தலையசைத்தாள். கன்னம் ஏன் நனைந்ததென்று கேட்டிருந்தால் துணியில் தண்ணீர் என்று காட்டியிருப்பாள். அவன் கேட்கவில்லை.

பிறகு பெருவிரலில் வெள்ளைத் துணி சுற்றி, கடைவாய்ப் பல்லின்மேல் வைத்து, கீழே அழுத்தி, கொஞ்சம் முன்னால் இழுத்தான். கொஞ்சந்தான். விட்டான். மறுபடி அழுத்தினான். கால்மணி நேரம் கழித்து அவள் வாயில் ஒரு விரல் முழுசாகப் போயிற்று.

"மூணு விரல் போகணும். அதுதான் கணக்கு. அவசரப்படக் கூடாது, இழுத்துத் தொறக்கக் கூடாது. நாக்கு நுனிய மேலண்ணத்துல வச்சிட்டு, கண்ணாடி முன்னால நேராத் தொறந்து மூடுங்க. சும்மா இருக்கக்குள்ள உதடு சேரணும், பல்லு சேரக்கூடாது. கூடைக் கயித்துக்குக் கீழ துணி மடிச்சு உச்சந்தலையில வைங்க. கடைசியா, ஒரு சொல்ல எடுத்து, வாய நல்லாத் தொறந்து பத்துத் தரம் மெதுவாச் சொல்லுங்க. எப்பவும் சொல்ற சொல்லா இருந்தா நல்லம்." யோசித்துவிட்டு, "யாரோடயாவது தெனம் கொஞ்ச நேரம் பேசினா இன்னும் நல்லம்" என்றான்.

"எம்ம்பேரோட?" என்று பல்லிடுக்கில் கேட்டாள் அவள்.

"எத்தனை பேரா? ஒருத்தர் போதும்மா."

ஒருத்தர் என்பதுதான் கஷ்டம் என்று அவனிடம் சொல்ல வாய் இன்னும் அந்த அளவுக்குத் திறக்கவில்லை.

அவள் காம்பராவில் பயிற்சி தொடங்கினாள். சுடுதண்ணீர்த் துணி. கைக்கண்ணாடி. நேராகத் திறக்க முயன்றால் தாடை இடப்பக்கம் ஒதுங்கும். கண்ணாடியில் தன் முகமே தன்னைக் கேலி செய்து சிரிக்கிறமாதிரி இருக்கும். இருபத்துமூன்றாம் நாள் ஒன்றரை விரல். மறு வியாழன் இக்ராம் மறுபடி அழுத்தி இழுத்தபோது காதுக்குள் மெல்ல 'டக்' என்றது. பழைய சத்தம். அவன்தான் அவளைவிடச் சந்தோஷப்பட்டான். "வந்திட்டது பாருங்க!" இரண்டு விரல். இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம் மூன்று விரலும் நெருக்கியடித்துக்கொண்டு உள்ளே போயின. கண்ணாடிக்கு முன்னால் அந்தச் சொல்லைச் சொல்லிப்பார்க்க நினைத்தாள். வேண்டாம், நாளைக் காலைக்கு இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டாள்.

முப்பதாம் நாள் பெரட்டில் அவள் முதல் வரிசையில் நின்றாள். தலைத்துண்டைக் காதுக்குப் பின்னால் தள்ளியிருந்தாள். கண்டாக்கையா புத்தகத்தைத் திறக்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் பெரிய கிளாக்கரையா நின்றார். அவருக்குப் பின்னால் ஆணி அடித்த ஒரு பெரிய பலகை.

கிளாக்கரையா தொண்டையைச் செருமினார். "ஒருத்தருடைய வாயினால இந்தத் தோட்டம் ஒரு மாசமா பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். துரை ரொம்ப யோசிச்சார். வாயி நோய்ப்படுது. வாயி பொய் சொல்லுது. வாயி போராட்டம் பண்ணுது. அதனால இன்னையிலிருந்து பதினேழாம் விதி ரத்து. ஆளுக்கொரு தகரம். நம்பர் போட்டிருக்கு. வந்ததும் ஆணியில மாட்டணும், போகும்போது எடுக்கணும். இனிமே பெரட்டில யாரும் வாயத் திறக்க வேண்டியதில்லை. இது உங்க நன்மைக்காக."

"இருக்கேங்க!" என்றாள் சண்முகவடிவு.

பெரட்டுக் களம் முழுக்கக் கேட்டது. பனிக்கு அப்பால் மாட்டுக்கொட்டில்வரை கேட்டிருக்கும். கடைசி எழுத்தைக் கொஞ்சம் நீட்டியும் இருந்தாள்.

கண்டாக்கையா அவளை நிமிர்ந்து பார்த்தார். "வாயால சொன்னா இன்னையிலிருந்து செல்லாது" என்றார், வருத்தமாகவே. பிறகு தகரக் குவியலில் தேடினார். முப்பது நாள் முடிவதற்கு முன்பே தகரம் வெட்டிவிட்டபடியால் அவள் பெயருக்கும் ஒன்று இருந்தது. இருநூற்றுப் பதினாலு. அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"தகரம் இருக்கு. அப்ப ஆளும் இருக்கு" என்றார்.

அவள் அதை வாங்கி ஆணியில் மாட்டினாள். மற்றவர்களும் மாட்டினார்கள். தகரத்தில் தகரம் படும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. இருநூறு சொச்சம் பேர் ஒரு சொல் பேசாமல் மலையேறினார்கள். மாவட்டத் தலைவர் ஆண்டியப்பன் பிறகு ஒரு கூட்டத்தில், மௌனப் போராட்டம் முழு வெற்றி அடைந்துவிட்டதாகச் சொன்னார்.

சாயங்காலம் சண்முகவடிவு அடுப்பில் தண்ணீர் வைத்தாள். பெயர் பிழைத்தது. காம்பரா பிழைத்தது. அடுப்பு எந்தப் பக்கம் என்று பார்த்துப் போனவள் இனி வரமாட்டாள். துணியைப் பிழிந்து கன்னத்தில் ஒற்றினாள். நாக்கு நுனியை மேலண்ணத்தில் வைத்துத் திறந்து மூடினாள். பிறகு சொல்லைச் சொல்லவேண்டிய கட்டம் வந்தது. இனிமேல் அந்தச் சொல்லுக்குத் தோட்டத்தில் எங்கும் வேலை இல்லை. வேறு சொல் எதையாவது எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தாள். எப்போதும் சொல்கிற சொல் என்று அவளிடம் வேறு இல்லை.

கண்ணாடியைப் பார்த்து, வாயை நன்றாகத் திறந்து, மெதுவாகச் சொன்னாள்.

"இருக்கேங்க."

சுவருக்கு அந்தப் பக்கம் தவிடு பிசைகிற சத்தம் நின்றது.

"பேத்தை" என்றாள் ராக்காயி. "கேட்டியாடி? இருக்காளாம்."

பத்துத் தரம் சொல்லச் சொல்லியிருந்தான் இக்ராம். இன்னும் ஒன்பது தரம் பாக்கி இருந்தது.